குருநகர் ஸ்ட்ராட்: பழைய பிக்கப், புதிய பிக்கப், இடையில் காணாமற்போன வயர்

பழைய பிக்கப்பையும் புதிய பிக்கப்பையும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கித் தரும் பகுதி) ஒப்பிட்ட இந்த ஆய்வின் மையத்தில் இருப்பது ஒரேயொரு கிற்றார். அமெரிக்கத் தயாரிப்பு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். வொலியூம் கொன்றோலின் முதுகில் 1377233 என்று பொறித்திருக்கிறது. 137 என்பது கொன்றோலைச் செய்த சி.ரி.எஸ். கம்பனியின் இலக்கம், 72 ஆண்டு, 33 அந்த ஆண்டின் கிழமை. அதாவது 1972 ஓகஸ்ட் நடுப்பகுதி. கொன்றோலின் வயது கிற்றாரின் வயதாகிவிடாது. ஆனால் ஈயம் வைத்த இடங்கள் எவர் கையும் படாமல் இருந்தன. மூன்று திருகாணியில் நிற்கும் கழுத்தும் அகலத் தலையும் அந்தக் காலத்தோடு ஒத்துப்போகின்றன. 72 கடைசி அல்லது 73 என்று வைத்துக்கொண்டேன்.

குருநகரில் ஒரு வீட்டுக்கு இது வந்த வழி யாழ்ப்பாணத்தவருக்குப் புதிதல்ல. 1977க்கு முந்திய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கடையில் போய் இப்படியொரு கிற்றார் வாங்குவது நடக்கிற காரியமில்லை. கப்பலுக்குப் போனவர்கள் கொண்டுவந்தால்தான் உண்டு. இப்போது இதை வாசிப்பவரின் பெரியப்பா கொண்டுவந்தார். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப்பிசையை ஊரெங்கும் பாடவைத்த காலம். ஒரு கோஷ்டியிடம் மின்கிற்றார் இருந்தாலே அது பெரிய விசயம். பிறகு மின்சாரமே இல்லாத ஆண்டுகள் வந்தன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊரில் மின்கிற்றாருக்கு என்ன வேலை? அலுமாரிக்கு மேலே கிடந்தது. 95 இடப்பெயர்வில் பெட்டியை விட்டுவிட்டு, சாரத்தில் சுற்றித் தென்மராட்சிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்ததாக வீட்டார் சொல்கிறார்கள். முன் தட்டில் உள்ள கீறல்களையும் அந்தப் பயணத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள். எனக்கென்றால் அவை பிக் பட்ட கீறல்களாகத்தான் தெரிகின்றன.

முறைப்பாடு

இப்போது அதை வாசிப்பவர் அந்தப் பெரியப்பாவின் தம்பி மகன். கலியாண வீடு, ஆலயத் திருவிழா என்று மேடையேறும் இசைக்குழு ஒன்றில் லீட் கிற்றார். கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணை, நடுப் பிக்கப் செத்துப்போச்சு. மற்ற ரெண்டும் தகரத்தில தட்டின மாதிரிக் கத்துது. மேடையில லைற் போட்டவுடன உறுமல் வேற. பழசெல்லே, அதுதான். கழட்டிப்போட்டு இந்த வகையே மூண்டு எடுப்பிச்சுப் போடுவம்."

'இந்த வகை' என்று காட்டியது, கனடாவிலிருந்து வந்த மாமா கொண்டுவந்த புதுப் பிக்கப். ஒற்றைச்சுருள் பிக்கப்பின் அளவுக்குள்ளேயே இரண்டு ஒடுங்கிய சுருள்கள். கம்பிக்கொரு காந்தக்கட்டை என்பதற்குப் பதிலாக நீளத்துக்கு இரண்டு இரும்புத் தகடுகள். அடியில் செராமிக் காந்தம். அதைத் தன்னுடைய மற்றக் கிற்றாரில், சீனத் தயாரிப்பு ஸ்ட்ராட் பிரதியில், பிரிட்ஜ் பக்கம் (கம்பிகள் உடலில் வந்து முடியும் முனை) போட்டு மேடையில் வாசித்துப் பார்த்திருக்கிறார். "அதில என்ன வடிவாக் கேக்குது, இதில ஏன் இப்பிடி?" என்பதுதான் அவருடைய கேள்வி.

சொன்ன குறைகள் மூன்று: ஒரு பிக்கப் வேலை செய்யவில்லை, மற்ற இரண்டும் கூசுகின்றன, மேடையில் உறுமுகிறது. மூன்றுக்கும் அவர் வைத்திருந்த காரணம் ஒன்று: பழசு. நான் செய்ய வேண்டியிருந்தது அந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பது. செத்த பிக்கப்பையும் கூசும் பிக்கப்பையும் ஒரே கணக்கில் போட முடியாது.

பழசு எது, புதுசு எது

காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி. கிற்றாரின் உருக்குக் கம்பி அந்தக் காந்தப்புலத்தில் அதிர்ந்தால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். உயர்தரப் பௌதிகவியலில் படித்த பரடேயின் விதிதான். 1930களின் தொடக்கத்தில் ஜோர்ஜ் போஷாம்ப் குதிரைலாடக் காந்தத்தை வைத்துச் செய்ததிலிருந்து அடிப்படை மாறவில்லை. ஒற்றைச்சுருளுக்கு உள்ள வியாதி, கம்பியின் அதிர்வோடு சேர்த்து மின்மாற்றியின் புலத்தையும் பிடித்துக்கொள்வது. அதற்கு மருந்தாக கிப்சன் கம்பனியில் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தார்; அதுதான் ஹம்பக்கர். 1955 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1959 இல் கிடைத்தது. இடையில் 1957 முதல் கிற்றார்களில் வந்த ஹம்பக்கர்களின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று ஒட்டியிருந்த சிறு துண்டுக்காகவே இன்று ஆட்கள் கொட்டிக் கொடுக்கிறார்கள்.

1972 இல், நமது கொன்றோல் பொறிக்கப்பட்ட அதே ஆண்டில், டிமார்சியோவின் சூப்பர் டிஸ்ரோர்ஷன் வந்தது. கழற்றி மாற்றிப் போடுவதற்கென்றே விற்கப்பட்ட முதல் பிக்கப்களில் ஒன்று. செராமிக் காந்தம், கூடுதல் சுற்று, அம்பிளிஃபயரில் சத்தத்தை உடைய வைக்கும் (அதுதான் டிஸ்ரோர்ஷன்) பலம். புதுசு என்று நாம் சொல்லும் வரிசையின் தொடக்கத்தை அங்கே வைக்கலாம். அதற்குப் பிறகு வந்தவற்றில் 9 வோல்ற் பற்றரியில் ஓடும் இ.எம்.ஜி. போன்றவை வேறு சாதி; உள்ளேயே சிறு அம்பிளிஃபயர் இருக்கும். பற்றரி தடைப்பொருள் பட்டியலில் இருந்த 90களின் யாழ்ப்பாணத்துக்கு அப்படியொரு கிற்றார் வந்திருந்தால் அது விறகு.

ஆக, நமது ஸ்ட்ராட் பழைய வரிசையின் கடைசிப் பக்கம். பொபின் கிடையாது. மேலும் கீழும் இரண்டு நார்த்தகடுகள், அவற்றைப் பிடித்திருக்கும் ஆறு அல்னிகோ 5 (இரும்போடு அலுமினியம், நிக்கல், கோபால்ற் கலந்த உலோகம்) காந்தக்கட்டைகள், அந்தக் கட்டைகளின் மீதே நேரடியாகச் சுற்றிய 42 இலக்கக் கம்பி.

கழற்றிப் பார்த்தபோது

நடுப் பிக்கப் எப்படிச் செத்தது என்பதற்கான பதில் அந்தக் கடைசி வரியிலேயே இருக்கிறது. அல்னிகோவில் பாதியளவுக்கு இரும்பு, அது துருப்பிடிக்கும். கம்பிக்கும் காந்தத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு பூச்சு லக்கர் மட்டும். குருநகர் கடனீரேரியின் கரை. கதவு பிணைச்சல்களே இரண்டு மழைக்குத் தாங்குவதில்லை. மூன்றாவது, நான்காவது கட்டைகளின் தலையில் துரு பொருக்காகக் கிளம்பி நின்றது. அடித்தகடு ஈரம் குடித்து ஓர் ஓரத்தில் பிளந்திருந்தது.

மல்ரிமீற்றரை வைத்தால் சுற்று முழுமையடையவில்லை. ஆனால் அம்பிளிஃபயரில் போட்டுத் திருகாணிச் சாவியால் தட்டினால் மெல்லிய, ஒடிந்த சத்தம் வந்தது. சுருள் அறுந்தாலும் அறுந்த இரண்டு பகுதிகளுக்கும் இடையில் உள்ள கொள்ளளவத்தின் (மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மை) வழியே உயர்ந்த மீடிறன்கள் கொஞ்சம் கசியும். 'பிக்கப் வேலை செய்யுது, ஆனால் மெலிஞ்சு கேக்குது' என்று யாராவது கொண்டுவந்தால் நான் முதலில் தடையைத்தான் அளப்பேன். பாதிப் பேருடைய 'விண்டேஜ் சத்தம்' அங்கேயே தீர்ந்துவிடும்.

சுருளின் வெளிமுனை சுகமாக இருந்தது. உள்ளே, முதல் சுற்றுகள் காந்தத்தைத் தொடும் இடத்தில், செம்பு பச்சை பிடித்திருந்தது. வெளியில் அறுந்திருந்தால் சில சுற்றுகளைக் கழற்றி மீண்டும் ஈயம் வைத்துவிடலாம். உள்ளே அறுந்தால் முழுவதையும் வெட்டியெறிந்து புதிதாகச் சுற்றுவதைத் தவிர வழியில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பழைய பிக்கப்களில் காந்தக்கட்டைகளின் உயரம் ஒன்றுபோல் இராது. மூன்றாம் கம்பிக்குரிய கட்டை தூக்கலாக நிற்கும். 1950களில் மூன்றாம் கம்பியும் சுற்றுக்கம்பியாக இருந்த காலத்துக்காக வைத்த உயரம் அது. இன்று எல்லோரும் போடுவது வெறுங்கம்பி. அதனால் மூன்றாம் கம்பி மற்றவற்றை விடத் துள்ளிக் கேட்கும். இந்தத் தம்பியும் அதைக் கவனித்து, கட்டையை விரலால் அமுக்கிப் பார்த்ததாகச் சொன்னார். நல்லகாலம், அசையவில்லை. அசைந்திருந்தால் அதன் மேல் சுற்றியிருந்த கம்பியும் சேர்ந்து அறுந்திருக்கும். இது சீனப் பிரதியில் உள்ளதுபோல் பிளாஸ்ரிக் பொபினுக்குள் செருகிய இரும்பு ஆணி அல்ல.

மேசையில் எடுத்த அளவுகள்

நெக் (கழுத்து) பக்கம் 5.9 கிலோ ஓம், பிரிட்ஜ் பக்கம் 5.8. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் 33 பாகை. செம்பின் தடை ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.39 வீதம் ஏறும்; 20 பாகைக்குக் கணக்குப் பண்ணினால் 5.9 என்பது 5.6 ஆகிவிடுகிறது. வெளிநாட்டுக்காரர் குளிரில் எடுத்த அளவோடு நம்முடையதை ஒப்பிட்டு 'என்னுடையதில் சுற்றுக் கூட' என்று மகிழ்வதற்கு முன் இந்தக் கழித்தலைச் செய்துவிடுவது நல்லது.

புதுப் பிக்கப் 16 கிலோ ஓமுக்குக் கொஞ்சம் மேல். "மூண்டு மடங்கு பலம் எண்டு சொல்லுங்கோ" என்றார் தம்பி. இல்லை. தடை என்பது கம்பி எவ்வளவு நீளம், எவ்வளவு மெலிது என்பதைச் சொல்லும், பலத்தைச் சொல்லாது. அதே சுற்றுகளை 42 இலக்கத்துக்குப் பதில் அதை விட மெல்லிய 43 இலக்கக் கம்பியில் சுற்றினாலே தடை கால்வாசிக்கு மேல் ஏறிவிடும், சத்தம் ஏறாது. ஒடுங்கிய சுருளுக்குள் ஆயிரக்கணக்கான சுற்றுகளை அடைக்க வேண்டுமானால் மெல்லிய கம்பிதான் போட முடியும். ஆகவே 16 என்பதில் ஒரு பகுதி வெறும் மெலிவின் கணக்கு.

எனக்கு வேண்டியிருந்த அளவு வேறு: சுருளின் மின்தூண்டல், அதாவது மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எவ்வளவு எதிர்க்கிறது என்பது. நெக் பக்கம் 2.3 ஹென்றி, புதுப் பிக்கப் 7.5 ஹென்றி. இரண்டு பிக்கப்களையும் பற்றி ஒரேயொரு எண் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். தூண்டலும், பிக்கப்பிலிருந்து அம்பிளிஃபயர் வரை உள்ள கொள்ளளவமும் சேர்ந்து ஒரு பரிவு மீடிறனைக் கொடுக்கும். அதற்கு மேலே சத்தம் செங்குத்தாக விழும். அந்த இடத்தில் ஒரு மேடு எழும். ஒரு பிக்கப்பின் 'குரல்' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்த மேடு எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரம் என்பதுதான். காந்தத்தின் பெயர், கம்பியின் பூச்சு, ஆண்டு எல்லாம் அதற்குப் பிறகு.

காணாமற்போன வயர்

அந்தக் கொள்ளளவத்தில் பெரும்பங்கு கிற்றார் வயருடையது. சாதாரண வயரில் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 100 பைக்கோபரட் (கொள்ளளவத்தின் அலகு). ஆறு மீற்றர் வயர், பிக்கப்புக்குள் உள்ளது ஒரு 100, ஆக 700. 2.3 ஹென்றியோடு இதைச் சேர்த்தால் பரிவு 4 கிலோ ஹேர்ட்ஸில் வந்து நிற்கும். அந்தக் காலத்தில் இந்தக் கிற்றாரைச் செய்தவர்கள் நினைத்தது இப்படியொரு வயரை. சுருட்டை வயர் என்றால் கொள்ளளவம் இன்னும் கூட. மேடு 3 கிலோ ஹேர்ட்ஸுக்கே இறங்கிவிடும்.

தம்பியிடம் கேட்டேன், எந்த வயர் பாவிக்கிறீர்கள் என்று.

"வயரோ? நான் வயர்லெஸ் அண்ணை. மேடையில ஓடித் திரிய வேணுமெல்லே."

அங்கேதான் விசயம் பிடிபட்டது. இடுப்பில் ஒரு சிறு பெட்டி, அரை மீற்றர் வயர்த் துண்டு. 700 இருந்த இடத்தில் 150 பைக்கோபரட். அதே பழைய பிக்கப்பின் பரிவு 8.5 கிலோ ஹேர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது. அதோடு மேடும் போய்விடுகிறது. 250 கிலோ ஓம் வொலியூமும் ரோனும் அந்த உயரத்தில் அதை அமுக்கிவிடும். மிஞ்சுவது 8 கிலோ ஹேர்ட்ஸ் வரைக்கும் தட்டையாகத் திறந்து கிடக்கும் ஒரு சத்தம். கிற்றார் அம்பிளிஃபயரின் 12 அங்குல ஸ்பீக்கர் 5 கிலோ ஹேர்ட்ஸுக்கு மேலே பெரிதாக எதையும் விடாது, அது காப்பாற்றியிருக்கும். ஆனால் இந்தக் குழுவில் கிற்றார் அம்பிளிஃபயரே இல்லை. எஃபெக்ற் பெடலிலிருந்து நேரே மிக்சருக்குப் போய், ஹோர்ன் வைத்த பெட்டிகளால் வருகிறது. பெடலில் ஸ்பீக்கர் பாவனையையும் (கிற்றார் ஸ்பீக்கர் போலச் சத்தத்தை மாற்றும் வசதி) நிறுத்திவைத்திருந்தார். கூசாமல் என்ன செய்யும்?

இப்போது புதுப் பிக்கப்பை அதே வயர்லெஸ்ஸில் வைத்துப் பாருங்கள். 7.5 ஹென்றி, 150 பைக்கோபரட்: பரிவு 4.7 கிலோ ஹேர்ட்ஸ். மேடு இல்லை; அந்த இடத்துக்கு வரும்போது சத்தம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. வயர் செய்ய வேண்டிய வேலையைப் பிக்கப்பின் தூண்டலே செய்துகொடுக்கிறது. மேடையில் அது 'வடிவாக' கேட்டதற்குக் காரணம் இதுதான். அதே புதுப் பிக்கப்பை ஆறு மீற்றர் வயரில் போட்டேன். பரிவு 2.2 கிலோ ஹேர்ட்ஸுக்கு இறங்கியது. தம்பியின் முகமும் சுருங்கியது. "என்ன அண்ணை, போர்வையால மூடின மாதிரிக் கிடக்கு."

இந்த எண்களைக் கணக்கில் மட்டும் விடவில்லை. பழைய றிலேயிலிருந்து எடுத்த ஒரு சிறு சுருளைப் பிக்கப்பின் தலைக்கு மேலே வைத்து, லப்ரொப்பிலிருந்து 100 ஹேர்ட்ஸ் தொடக்கம் 15 கிலோ ஹேர்ட்ஸ் வரை ஊட்டி, பிக்கப் திருப்பித் தருவதைப் பதிவுசெய்தேன். மீடிறனோடு ஏறும் சரிவைக் கணினியில் கழித்துவிட்டால் கோடு தெளிவாகத் தெரியும். கணக்குக்கும் கோட்டுக்கும் சிறு வித்தியாசங்கள் உண்டு. இரும்புத் தகட்டில் ஓடும் சுழலோட்டம் புதுப் பிக்கப்பைக் கணக்கை விட இன்னும் கொஞ்சம் மழுக்குகிறது. கதை மாறவில்லை.

அதாவது, இரண்டு பிக்கப்களை ஒப்பிட்டதாகத் தம்பி நினைத்தது, வயர் இல்லாத ஒரு நிலைமைக்கு எது தற்செயலாகப் பொருந்துகிறது என்பதைத்தான். பழைய பிக்கப்பைப் பற்றி இங்கே பலரும் சொல்லும் 'கூசுது', புதுசைப் பற்றிச் சொல்லும் 'மங்கல்' இரண்டையும் கேட்டவுடன் எனக்கு இப்போது வருகிற முதல் கேள்வி வயர் பற்றியது.

பாராமல் கேட்டது

எண்ணை வைத்து ஆளை வாயடைக்க வைப்பது எனக்கு உடன்பாடில்லை, காதுதான் வாசிக்கப்போகிறது. வயர்லெஸ் பெட்டிக்குப் போகும் வயர்த் துண்டின் ஜக் மூடிக்குள் 470 பைக்கோபரட் கப்பாசிற்றர் ஒன்றை ஈயம் வைத்துப் பூட்டினேன். விலை சொன்னால் சிரிப்பீர்கள். பழைய பிக்கப்பின் பரிவு 4.2 கிலோ ஹேர்ட்ஸுக்கு இறங்கி வந்தது. சில வயர்லெஸ் பெட்டிகளில் 'வயர் நீளம்' என்று ஓர் ஆளியே உண்டு; இதில் இல்லை.

பிறகு இரண்டு கிற்றாரிலும் ஒரே வகைக் கம்பி போட்டு, தம்பியே ஒரே துண்டுகளை வாசித்து, நேரடியாகப் பதிவுசெய்தோம். பழசு கப்பாசிற்றரோடும் இல்லாமலும். புதுசு வயர்லெஸ்ஸிலும் ஆறு மீற்றர் வயரிலும். எல்லாவற்றையும் ஒரே சத்த மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். இதைச் செய்யாத ஒப்பீடு எதையும் நம்ப வேண்டாம். புதுப் பிக்கப் இயல்பாகவே இரட்டிப்புச் சத்தம் தரும். சத்தம் கூடினது எப்போதும் 'நல்லது' போலவே கேட்கும்.

கேட்டவர்கள்: தம்பி, குழுவின் சவுண்ட்காரர், அந்தக் காலத்தில் கோஷ்டிகளில் வாசித்த ஒரு கிற்றார் மாஸ்ரர். எது எது என்று யாருக்கும் சொல்லவில்லை.

பெடலில் டிஸ்ரோர்ஷன் போட்டு பிரிட்ஜ் பக்கம் வாசித்தபோது, கப்பாசிற்றர் போட்ட பழசையும் வயர்லெஸ்ஸில் புதுசையும் மூவருமே மாறிமாறிச் சொன்னார்கள். கிற்றார்களே வேறு, மரம் வேறு. அப்படியிருந்தும் நிதானமாகப் பிரிக்க முடியவில்லை. கப்பாசிற்றர் இல்லாத பழசை மட்டும் எல்லோரும் உடனே பிடித்தார்கள். மாஸ்ரர் அதைக் கேட்டுவிட்டு, "இது ஃபெண்டர் இல்லைத் தம்பி, உந்தச் சீனச் சாமான்" என்றார். ஐம்பது வருசத்துக் கிற்றாரை முகத்துக்கு நேரே சீனச் சாமான் என்றது எனக்கு ஆய்வின் மிகப் பெறுமதியான தரவாகப் பட்டது.

நெக் பக்கம், டிஸ்ரோர்ஷன் இல்லாமல், விரலால் மெல்லத் தட்டி வாசித்தபோது நிலைமை வேறு. பழசை மூவரும் தவறாமல் அடையாளம் கண்டார்கள். ஆறாம் கம்பியில் ஒவ்வொரு தட்டலின் தொடக்கமும் தனியாக நிற்கிறது. மெதுவாகத் தட்டினால் மெதுவாகவும் ஓங்கினால் ஓங்கியும் வருகிறது. புதுசில் மெதுவானதும் ஓங்கினதும் கிட்டக்கிட்ட வந்துவிடுகின்றன. தூண்டல் ஒரு காரணம். புதுசின் பலமான சத்தம் பெடலின் உள்வாயிலிலேயே நெருக்கப்படுவது இன்னொன்று. பதிவில் சத்தத்தைச் சமப்படுத்தினாலும் அந்த நெருக்கல் முன்னரே நடந்து முடிந்துவிடுகிறது. பழைய பிக்கப்பின் பெருமை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் இதைச் சொல்வேன். வயதுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இன்று அதே 42 இலக்கக் கம்பியில், அதே காந்தத்தில் அளவாகச் சுற்றினாலும் வரும்.

புதுசுக்கும் அதற்குரிய நியாயத்தைக் கொடுத்துவிட வேண்டும். அல்னிகோ 5 கட்டைகள் கம்பியை இழுக்கும். பலம் வேண்டும் என்று தம்பி நெக் பிக்கப்பைக் கம்பிக்கு மிகக் கிட்டக் கொண்டுவந்து வைத்திருந்தார். ஆறாம் கம்பியை மேற்கட்டங்களில் அழுத்தினால் சுருதி இரண்டாகப் பிரிந்து அலைந்தது. அவர் அதைச் சுருதிக்கட்டையின் பழுது என்று நினைத்து ஒரு தடவை செலவழித்தும் விட்டாராம். பிக்கப்பை இரண்டு மில்லிமீற்றர் இறக்கியதும் நின்றுவிட்டது. புதுப் பிக்கப்பில் காந்தம் அடியில் கிடந்து தகட்டின் வழியே வருவதால் இழுவை குறைவு. கம்பிக்குக் கிட்ட வைத்தாலும் இந்தத் தொல்லை வரவில்லை. மூன்றாம் கம்பி துள்ளுவதும் அதில் இல்லை. உறுமலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இரண்டு சுருள் இருக்கும்போது உறுமல் உள்ளேயே அடித்துப்போய்விடுகிறது.

செய்தது

முதலில் உறுமல். கிற்றாரோடு மெதுவாகச் சுழன்று பார்த்தேன். ஒரு திசையில் உறுமல் அடங்கினால் அது 50 ஹேர்ட்ஸ் காந்தப்புலம். கம்பியைக் கையால் தொட்டதும் குறையும் இரைச்சல் என்றால் அது மறைப்புக் குறைவால் வரும் மின்புலம். இங்கே இரண்டும் இருந்தன. இரண்டாவதற்கு உள்ளே செப்புத்தாள் ஒட்டினேன், எல்.ஈ.டி. விளக்குகளின் சிணுங்கல் பெருமளவு போயிற்று. முதலாவதற்குச் செப்புத்தாள் ஒன்றும் செய்யாது.

அங்கேதான் செத்த நடுப் பிக்கப் உதவிக்கு வந்தது. எப்படியும் புதிதாகச் சுற்றத்தான் வேண்டும். அதை எதிர்த் திசையில் சுற்றி, காந்தக்கட்டைகளின் துருவத்தையும் புரட்டிவிட்டால், நெக்கோடோ பிரிட்ஜோடோ சேர்த்துப் பாவிக்கும்போது இரண்டும் சேர்ந்து ஹம்பக்கர் மாதிரி உறுமலைக் கொன்றுவிடும். 1972 இல் ஃபெண்டர் அப்படிச் சுற்றவில்லை; ஆளியும் மூன்று நிலை மட்டுந்தான், ஐந்து நிலை ஆளி 1977 இல்தான் வந்தது. ஆகவே ஆளியையும் மாற்ற வேண்டியிருந்தது. சேகரிப்பவர்களுக்கு இது பாவம். தகப்பனிடம் கேட்டேன். "விக்கிற எண்ணம் இல்லை அண்ணை, பெடியன் வாசிக்கட்டும்" என்றார். கழற்றிய ஆளியைப் பைக்குள் போட்டு, ஆண்டை எழுதி, கையில் கொடுத்தேன்.

சுற்றுவது சுலபமான வேலையில்லை. நமது ஊரில் மோட்டர் சுற்றும் கடைகளுக்குக் குறைவில்லை. தோட்டக் கிணறு உள்ள இடமெல்லாம் தண்ணிப் பம்பும், பம்ப் உள்ள இடமெல்லாம் எரிந்த மோட்டரும் உண்டு. ஆனால் அங்கே உள்ள மிக மெல்லிய கம்பியும் இதற்கு மொத்தம். 42 இலக்கம் 0.063 மில்லிமீற்றர். கண்ணாடி போடாமல் எனக்குத் தெரியாது. கம்பியும் கனடா வழியாகத்தான் வந்தது. தையல் மெசின் மோட்டரில் பொருத்திச் சுற்றினேன். கணிப்பானின் சமன் விசையோடு ஒரு காந்த ஆளியை இணைத்துச் சுற்றை எண்ணவைத்தேன். இழுவை கூடினால் அறும். குறைந்தால் சுருள் தளர்ந்து, பலமாக வைத்து வாசிக்கும்போது மைக் மாதிரிக் கீச்சிடும். துருவைச் சுரண்டி, கட்டைகளுக்கு இரண்டு பூச்சு லக்கர், அதன் மேல் ஒரு சுற்று மெல்லிய நாடா. ஃபெண்டர் போடாத நாடா. போட்டிருந்தால் இந்தப் பிக்கப் இன்னும் உயிரோடு இருந்திருக்கும். ஏறத்தாழ 7,600 சுற்றுகளில் நிறுத்தினேன்: அதே தகரக் கூரை வெப்பத்தில் 5.7 கிலோ ஓம். பரபின் மெழுகில் ஐந்தில் ஒரு பங்கு தேன்மெழுகு கலந்து, 65 பாகைக்கு மேல் போகாமல் வைத்து, அதற்குள் ஊறவிட்டேன். துருவம் புரட்டியது கடைசியில்: குறட்டின் இரு தாடையிலும் நியோடிமியம் காந்தம், நடுவே பிக்கப்பை இழுத்துவிட்டு, திசைகாட்டியால் ஒவ்வொரு கட்டையாகச் சரிபார்த்தேன்.

நெக், பிரிட்ஜ் இரண்டையும் தொடவில்லை. மெழுகும் வைக்கவில்லை. உயரத்தை மட்டும் இறக்கி, மூன்றாம் கம்பி துள்ளாத கோணம் ஒன்றைக் கண்டுபிடித்தோம். முழுதும் போகவில்லை, பொறுக்கலாம்.

புதுப் பிக்கப்பைச் சீனப் பிரதியிலேயே விடச் சொன்னேன். அதில் இருந்தது இரும்பு ஆணியும் அடியில் ஒட்டிய செராமிக் கட்டையுமான மலிவுப் பிக்கப். அதற்குப் பதில் இது எவ்வளவோ மேல். டிஸ்ரோர்ஷன் பாட்டுகளுக்கு அந்தக் கிற்றார், மற்றவற்றுக்குப் பெரியப்பாவின் கிற்றார். இரண்டு கிற்றாரையும் மேடைக்குக் காவ வேண்டியிருக்கிறது என்பது தம்பியின் புது முறைப்பாடு. இரண்டுக்கும் ஒரே வயர்த் துண்டைப் பாவிக்க வேண்டாம் என்று சொல்லி, கப்பாசிற்றர் உள்ள ஜக்கில் சிவப்பு நாடா சுற்றிக் கொடுத்தேன். புதுப் பிக்கப் அதில் போனால் மறுபடியும் போர்வைக்குள் போய்விடும்.

இப்போதைய நிலை

யூலையில் குருநகர் புனித யாகப்பர் ஆலயத் திருவிழாக் காலத்து மேடையொன்றில் கேட்டேன். நெக்கும் நடுவும் சேர்ந்த நிலையில் உறுமல் இல்லை, கூச்சலும் இல்லை. பெடலில் ஸ்பீக்கர் பாவனையையும் போட்டுவிட்டிருந்தார்கள். பிரிட்ஜ் தனியே போட்டால் உறுமல் இன்னும் இருக்கிறது. ஜெனரேற்றர் பக்கம் முதுகைக் காட்டி நிற்கும் நேரத்தில் அடங்குகிறது, திரும்பினால் கிளம்புகிறது. ஓடித் திரிகிற லீட் கிற்றார்காரருக்கு அது ஒத்துவராது. உறுமாத ஒற்றைச்சுருள் வகைகள், ஒன்றன் கீழ் ஒன்றாகச் சுருள் அடுக்கியவை, சந்தையில் உண்டு; பிரிட்ஜுக்கு மட்டும் அப்படியொன்றை எடுப்பிக்கலாமா என்று கேட்கிறார். தூண்டல் 2.5 ஹென்றிக்குக் கிட்ட உள்ளதாகப் பார்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் சிவப்பு நாடா வயர் அதற்கு ஒத்துவராது.

அந்த முடிவு அவர் கையிலும் இராமல் போகலாம். பிரிட்ஜ் பிக்கப்பின் ஐந்தாவது கட்டையின் தலையிலும் துரு தொடங்கியிருக்கிறது. இப்போதைக்கு மீற்றர் 5.8 காட்டுகிறது. வாசித்து முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, மாரிக்கு முன்னும் பின்னும் ஒருமுறை கொண்டுவந்து அளக்கச் சொல்லியிருக்கிறேன்.